டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவா?

டி.எஸ்.எச். 14 என்று வந்து, பக்கத்தில் ‘அதிகம்’ என்றும் போட்டிருக்கிறது. டாக்டரோ எனக்குத் தைராய்டு குறைவு என்கிறார். எதை நம்புவது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

இரண்டையும் நம்பலாம். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர’ என்று தைராய்டுக்கு அனுப்பும் தாக்கீது அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய தாக்கீது கூடும். ஹார்மோன் மிஞ்சினால் டி.எஸ்.எச். பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு; லேபுக்கு லேப் சற்று மாறும்.

தாக்கீது வந்ததும் தைராய்டு செல்கள் ரத்தத்திலிருந்து அயோடினை இழுக்கின்றன. தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் டைரோசின் என்ற பகுதிகள் உண்டு. டி.பி.ஓ. என்ற நொதி அயோடினை அவற்றில் ஒட்டுகிறது. இரண்டு அயோடின் ஏறிய பகுதிகள் இரண்டு சேர்ந்தால் டி-4 என்ற தைராய்டு ஹார்மோன். இரண்டு ஏறியதும் ஒன்று ஏறியதும் சேர்ந்தால் இன்னொரு ஹார்மோனான டி-3. பெயரில் உள்ள எண் அயோடின் கணக்குதான். நம் உடம்பே இந்த டி.பி.ஓ.வுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்குவதைத் தைராய்டு குறைவுள்ள பலரிடம் பார்க்கலாம்.

சுரப்பி வெளியே விடுவதில் பெரும்பகுதி டி-4. ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் ஓர் அயோடின் கழன்று அது டி-3 ஆகிறது; செல்லுக்குள் வேலை பார்ப்பது இதுதான். டி-4 மாத்திரை மட்டும் பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருப்பது இதனால்தான்.

பிட்யூட்டரியே பழுதானால் டி-4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாது. அந்தச் சந்தேகம் இருந்தால், ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் டி-4ஐ அளக்கும் ‘ஃப்ரீ டி-4’ டெஸ்ட் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கி இரண்டு வாரமாகிறது. டெஸ்ட் எடுத்தால் பெரிய மாற்றமில்லை. காலையில் காப்பி குடித்த கையோடு போட்டுக்கொள்கிறேன். சத்துக்காக இரும்பு மாத்திரையும் உண்டு.
– வாசகி, பாளையங்கோட்டை

டெஸ்டுக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள். ரத்தத்தில் உள்ள டி-4 பாதியாகக் குறையவே 7 நாள் ஆகும். புது அளவு நிலைத்து, அதற்கேற்ப டி.எஸ்.எச். இறங்க 6 முதல் 8 வாரம் வேண்டும். அதற்கு முன் எடுக்கும் டெஸ்ட் காசுக்குக் கேடு. ஒருநாள் மாத்திரை மறந்துபோனால் பதற வேண்டாம் என்பதற்கும் இதே 7 நாள்தான் காரணம்.

காப்பிதான் உங்களுக்கு எதிரி. எழுந்ததும் வெறும் வயிற்றில் வெந்நீரோ பச்சைத் தண்ணீரோ குடித்து மாத்திரையைப் போடுங்கள். அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்துக் காப்பி. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் டி-4ஐக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி கட்டாயம். காலையில் தோதுப்படாதவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு, ராச்சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம்.

தூத்துக்குடி உப்பளத்து உப்பை மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறோம். கடல் உப்பில் அயோடின் இருக்கத்தானே செய்யும்?
– வாசகர், வள்ளியூர்

இருக்கிறது, பேருக்கு. கடல்நீரில் அயோடினே சொற்பம்; அதிலும் பாத்தியில் உப்பு படியும்போது பெரும்பகுதி மிச்ச நீரோடு போய்விடுகிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிக்கு 250. மூட்டை உப்பை ஊறுகாய்க்கோ கருவாட்டுக்கோ வைத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் வயிற்றுக்குள்தானே போகிறது. அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. ஈரம் படாமல் மூடி, அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். சமையலில் இறக்கும் சமயம் போடுவது நல்லது. அயோடின் நல்லதென்று கேட்டுக் கடற்பாசி மாத்திரை வாங்கித் தின்பதும் வேண்டாம்; மிஞ்சினாலும் தைராய்டு கெடும்.

தைராய்டு உள்ளவர்கள் மரச்சீனிக்கிழங்கு சாப்பிடலாமா?
– வாசகி, செங்கோட்டை

எப்போதாவது என்றால் தாராளமாக. அதிலுள்ள சயனைடு சத்து உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை இழுப்பதைத் தடுக்கும். தினமும் அதையே உண்டு, அயோடினும் போதாதவர்களுக்குத்தான் கழலை (தைராய்டு வீங்கிக் கழுத்து பருப்பது) வரும். தோலை நன்றாகச் சீவி, துண்டுபோட்டு, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வேகவைப்பது இதற்குச் சரிவராது.