ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதில் பிரிட்டனுக்கு என்ன ஆனது?

பிரிட்டன் விலகியதால் பொருளாதாரத்திலும் ஜனநாயகத்திலும் என்ன மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறவன் நான். என் மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஷூ பெட்டி ஒன்று லண்டனில் இறங்குகிறது. 2020 வரை அங்கே ஒரு தடவை சுங்கவரி கட்டிவிட்டால், அதே பெட்டி பாரிஸுக்கும் தடையில்லாமல் போகும். 2021 ஜனவரி 1 முதல் அப்படியில்லை. இரு தரப்புக்கும் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். அது அவர்கள் ஊரில் தயாரான சரக்குக்குத்தான். ஆம்பூர் ஷூவுக்கு மறுபடி வரி. தோலில் சேரும் ரசாயனங்களுக்கும் இப்போது இரண்டு தனித்தனிச் சட்டங்கள். பெரிய கம்பெனி தாங்கும், சின்ன வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. இப்படிப்பட்ட தடைகளால் நீண்டகாலத்தில் பிரிட்டனின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு.

சொந்தமாக ஒப்பந்தம் போடும் உரிமை கிடைத்தது. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தானது அப்படித்தான். நம் தோல் தொழிலுக்கு அது நல்ல செய்தி.

சரி, ஜனநாயகம்? 2016 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். சட்டம் போடும் அதிகாரம் லண்டனுக்குத் திரும்பியது உண்மை. ஆனால் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் விலக வேண்டாம் என்று சொல்லியும் வெளியே வரவேண்டியதாயிற்று. வட அயர்லாந்து நிலைமைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. சரக்கு விஷயத்தில் பல ஐரோப்பிய விதிகள் இன்றும் அங்கே செல்லும். அவற்றைப் போடும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அம்மக்கள் ஒரு எம்.பி.யைக்கூட அனுப்ப முடியாது. தொடரலாமா என்று சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்களுடைய சட்டசபையில் ஓட்டு உண்டு.