நாளைக் காலை வரமாட்டாள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 14 வயது. எட்டு வயதிலிருந்து பேட்மின்டன் ஆடுகிறாள். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் பயிற்சி. ஞாயிறு பெரும்பாலும் டோர்னமென்ட். மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுவலி என்கிறாள், பேட்டைத் தொட்டாலே அழுகிறாள். கோச், “சோம்பல், விடாதீங்க” என்கிறார். இவ்வளவு செலவு செய்தபிறகு விட்டுவிடுவதா?

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு வருடம் விடியுமுன் எழுந்த பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று அவள் அம்மா கேட்கட்டும். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் அது நின்றுகூடப் போகும். விளையாடுகிற பெண்ணுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 24 மணி நேரம். வளரும் பிள்ளை வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்யக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லப்படும் எளிய அளவு. அவளுக்கு 14. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வாரம் ஒருநாளாவது ஓய்வு வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டையே விட்டிருக்க வேண்டும் என்கிறது. அதை மாதம் மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். உங்கள் மகளுக்கு ஞாயிறுகூட இல்லை.

ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி 15 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 2014இல், 18 வயதில், போதும் என்று டென்னிஸை விட்டு விலகினார். பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். 2016இல் தானாகத் திரும்பினார். 2019இல் பிரெஞ்சு ஓப்பன், 2021இல் விம்பிள்டன். உங்கள் மகளும் திரும்புவாள் என்று நான் சொல்லவில்லை. திரும்பாமலும் போகலாம். அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டுதான் ஓய்வு கொடுக்க வேண்டும். ‘ஒரு மாசம் லீவு, அப்புறம் வந்துடணும்’ என்றால் முப்பது நாளும் பயந்து பயந்து எண்ணிக்கொண்டிருப்பாள்.

செலவுப் பேச்சு அவள் காதில் விழ வேண்டாம். விழுந்தால் அடுத்த வலியை உங்களிடம் சொல்ல மாட்டாள்.

இன்றிரவே கோச்சுக்குப் போன் செய்து, நாளைக் காலை வரமாட்டாள் என்று நீங்களே சொல்லுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள். படுக்கும்முன் அலாரத்தையும் அணைத்துவிடுங்கள்.