‘பெத்தஸ்டா 4’ என்று வந்தால் புற்றா, இல்லையா?

கேள்வி: என் அக்காவுக்கு 41 வயது. கழுத்தின் வலப்பக்கம் தைராய்டில் 2.8 செ.மீ. கட்டி. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருக்கிறது. ஊசி குத்திப் பார்த்ததில் ‘ஃபாலிகுலர் நியோபிளாசம், பெத்தஸ்டா 4’ என்று ரிப்போர்ட். புற்றா இல்லையா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், வேறு லேபில் இன்னொரு ஊசி, பெட் ஸ்கேன், புற்றுநோய் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தால் தெளிவாகிவிடும், நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். டாக்டர்களில் ஒருவர் பாதித் தைராய்டை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் முழுவதையும். ஊசி போட்ட பிறகும் ஏன் சொல்ல முடியவில்லை? நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்களிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. ரிப்போர்ட் எழுதிய பேத்தாலஜிஸ்டுக்கும் (செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவர், நானும் அந்த ஜாதிதான்) தெரியாது, அதே ஸ்லைடை என்னிடம் கொண்டுவந்தால் எனக்கும் தெரியாது. திறமைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி எடுத்து வந்த சரக்கில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடையே இல்லை.

தைராய்டு என்பது ஃபாலிக்கிள் என்கிற குட்டிக் குட்டிப் பைகளால் ஆனது. அந்தப் பைகளின் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் செல்கள்தான் ஹார்மோன் சுரப்பவை. இந்தச் செல்கள் ஓரிடத்தில் கும்பலாகப் பெருகி, சுற்றிலும் நாரால் ஓர் உறை போட்டுக்கொண்டால் அது ஃபாலிகுலர் கட்டி. உறைக்குள் அடங்கிக் கிடந்தால் அடினோமா, சாதுவான கட்டி. உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அல்லது உறையில் ஓடும் ரத்தக் குழாய்க்குள் தலையை நீட்டிவிட்டால் கார்சினோமா, அதாவது புற்று. வித்தியாசம் அவ்வளவுதான். செல்களின் முகத்தைப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்தவன் யார் என்று, வீட்டுக்குள் இருப்பவர்களின் போட்டோவை நீட்டிக் கேட்டால் எப்படிச் சொல்வது? சுவரைத்தான் சுற்றிவந்து பார்க்க வேண்டும், எங்கே செங்கல் பெயர்ந்திருக்கிறது என்று. ஊசி வீட்டுக்குள் நுழைந்து நாலு பேரைப் பிடித்து வருகிறது, சுவரைக் கொண்டுவருவதில்லை.

தைராய்டில் வரும் மற்ற புற்றுகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அதிகம் வருவது பாப்பிலரி வகை, தைராய்டு புற்றுகளில் 10-ல் 8 அதுதான். அதில் செல்லின் முகமே காட்டிக்கொடுத்துவிடும்: செல்லின் மையக் கருவான நியூக்ளியஸ் வெளிறிப் பெரிதாகி, நடுவில் காப்பிக்கொட்டை போலக் கோடு விழுந்திருக்கும். அதனால் ஊசியிலேயே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடுவோம். மெடுல்லரி என்று ஒன்று இருக்கிறது, வேறு ஜாதிச் செல்லிலிருந்து வருவது, ரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் ஏறும், குடும்பத்தில் ஓடக்கூடியது. உங்கள் வீட்டில் யாருக்கும் அது இருந்ததில்லை என்றால் இப்போது அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, இந்த ‘4’ என்பது என்ன? இதைக் கேட்காமலே அழுதுகொண்டு வருபவர்கள்தான் அதிகம். நாலாவது ஸ்டேஜ் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. பெத்தஸ்டா என்பது அமெரிக்காவில் ஓர் ஊர். ஒவ்வொரு லேபும் தன் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக்கொண்டிருந்ததால், 2007-ல் அங்கே நிபுணர்கள் கூடிப் பேசி ஊசி ரிப்போர்ட்டுகளை ஆறு வகைகளுக்குள் அடக்கினார்கள். 1 என்றால் போதுமான செல் வரவில்லை. 2 சாது. 3 குழப்பம். 4 உங்கள் அக்காவுடையது. 5 சந்தேகம் பலம். 6 புற்று. நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பின்படி, நாலாம் வகையில் வருபவற்றில் சராசரியாக 30 சதவீதம்தான் கடைசியில் புற்று. திருப்பிச் சொன்னால் 10 பேரில் 7 பேருக்கு அது புற்று இல்லை. இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ வீட்டில் ராத்தூக்கம் கெடாது. ஆனால் கொடுக்க மாட்டோம், ஏனென்றால் ரிப்போர்ட் டாக்டருக்குத்தான், நோயாளிக்கு இல்லை என்று எங்கள் துறையில் இன்னும் பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதே ரிப்போர்ட்தான் நோயாளியின் செல்போனுக்கு முதலில் போய்ச் சேருகிறது!

இப்போது அந்தத் ‘தெரிந்தவர்’ விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பரிசோதனைகளை ‘நானே ஏற்பாடு செய்கிறேன்’ என்று ஒருவர் முன்வந்தால், அந்தப் பரிசோதனைச் சீட்டில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய காலத்தில்தான் இருக்கிறோம். அவர் சொன்னதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்னொரு ஊசி: மூன்றாம் வகையாக இருந்தால் நானே மறுபடி குத்தச் சொல்லியிருப்பேன், பலருக்கு இரண்டாம் முறை தெளிவான விடை கிடைக்கும். நாலாம் வகையில் பத்து ஊசி குத்தினாலும் சுவர் வராது. வராதது மட்டுமா, குத்தின இடத்தில் ரத்தம் கசிந்து, தழும்பு விழுந்து, உறை அங்கங்கே கலைந்து, சில சமயம் ஊசி போன வழியில் செல்கள் உறைக்குள் சிக்கி, பிற்பாடு கட்டியை வெளியே எடுத்து நாங்கள் பார்க்கும்போது ‘இது நிஜமாகவே உடைத்துக்கொண்டு வந்ததா, இல்லை ஊசி போட்ட ஓட்டையா’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெட் ஸ்கேன்: சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்களை ஒளிரக் காட்டும் படம் அது, அடினோமாவும் ஒளிரும், கார்சினோமாவும் ஒளிரும். ‘புற்றுநோய் ரத்தப் பரிசோதனை’ என்று விற்கப்படும் தைரோகுளோபுலின் தைராய்டுச் செல்களே உண்டாக்கும் ஒரு புரதம், தைராய்டை எடுத்த பிறகு கண்காணிக்கத்தான் அது உதவும். தைராய்டு உள்ளே இருக்கும்போது சாதாரண கழலையிலும் அது ஏறும். டி.எஸ்.எச். சரியாக இருப்பதும் இதில் ஆறுதலும் இல்லை, பயமும் இல்லை. தைராய்டு புற்று இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

மரபணுப் பரிசோதனை பற்றி யாராவது சொல்வார்கள். அது மோசடி இல்லை, சில இடங்களில் ஆபரேஷனைத் தவிர்க்க உதவுகிறது. ஆனால் ராஸ் என்ற மரபணு மாற்றம் வந்தால் அது அடினோமாவிலும் இருக்கும், புற்றிலும் இருக்கும். அப்புறம் மறுபடி ஆபரேஷன் வாசலில்தான் நிற்பீர்கள். கட்டியைக் கரைக்கும் மருந்து என்று யாராவது வந்தால், ஃபாலிகுலர் கட்டியைக் கரைக்கும் மருந்து கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புதுப் பரிசோதனைகளுக்கு அலைவதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. இருக்கிற ஸ்லைடுகளையே வாங்கி, தைராய்டு அதிகம் பார்க்கிற இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். ஃபோட்டோவையோ ரிப்போர்ட் நகலையோ அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள், கண்ணாடி ஸ்லைடே போக வேண்டும். இரண்டாவது ஆள் பார்த்து ‘இது 2, வெறும் கழலைதான்’ என்று இறக்கிவிடுவதும் உண்டு, பாப்பிலரி என்று ஏற்றிவிடுவதும் உண்டு. ஸ்லைடு கேட்டால் ‘கொடுக்கிற வழக்கமில்லை’ என்று சொல்கிற லேபுகள் இருக்கின்றன. விடாதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

பாதியா, முழுவதுமா? கட்டி ஒரு பக்கம்தான், 4 செ.மீ.க்குக் கீழே, மறுபக்கம் ஸ்கேனில் சுத்தம், கழுத்தில் நெறி கட்டவில்லை என்றால் பாதியை மட்டும் எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த ஆபரேஷனே விடை தேடிப் போகிற ஆபரேஷன். 10-ல் 7 பேருக்குப் புற்று இல்லை என்று தெரிந்தே முழுத் தைராய்டையும் எடுத்துவிட்டு, ‘நல்லவேளை, ஒன்றுமில்லை’ என்று சொன்னால், ஆயுசு முழுக்க மாத்திரை போடப்போவது யார்? முழுவதும் எடுக்கும்போது தைராய்டின் பின்னால் ஒட்டியிருக்கும் நாலு பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் (ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைப்பவை), இரண்டு பக்கக் குரல் நரம்புகளுக்கும் ஆபத்து. பாதியில் ஒரு பக்கம்தான். பாதியை எடுத்தவர்களில் பலர் மாத்திரை இல்லாமலே இருக்கிறார்கள், சிலருக்குத் தேவைப்படும். புற்று என்றே வந்தாலும், உறையை மட்டும் கொஞ்சம் தாண்டிய சின்ன ஃபாலிகுலர் புற்றுக்குப் பாதி எடுத்ததே போதும். ரத்தக் குழாய்களில் பல இடத்தில் நுழைந்திருந்தால்தான் மீதியையும் எடுத்து ரேடியோ அயோடின் (மிச்சமுள்ள தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின்) கொடுக்கும் பேச்சு வரும், ஏனென்றால் இந்த வகை ரத்தம் வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகக்கூடியது. அதைப் பிறகு செய்துகொள்ளலாம், நாள் கெட்டுவிடாது.

‘ஆபரேஷன் நடக்கும்போதே ஃப்ரோசன் போட்டுப் பார்த்து முடிவெடுத்துவிடுவோம்’ என்று சொன்னால் கொஞ்சம் தயங்குங்கள். உறைய வைத்து அவசரமாக வெட்டிய ஒன்றிரண்டு துண்டில் முழுச் சுவரும் வராது. அங்கே ‘புற்று இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து வார்த்தையை மாற்ற வேண்டிய சங்கடம் எனக்கே நேர்ந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எடுத்த கட்டியை யாரும் நடுவில் வெட்டித் திறந்து பார்க்கக் கூடாது! சர்ஜன் ஆர்வத்தில் வெட்டுவார், குடும்பத்தாரிடம் காட்ட வேண்டும் என்று வெட்டுவார், சின்ன டப்பாவுக்குள் அடங்கவில்லை என்றுகூட வெட்டுவார்கள். ஒருமுறை எனக்கு வந்த கட்டி மூன்று துண்டாக, இரண்டு டப்பாவில், ஒரு டப்பாவில் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் போதாமல் அழுகிப்போய் வந்தது. சீட்டில் ‘கழுத்துக் கட்டி’ என்று மட்டும், வயதுகூட இல்லை. உறையெல்லாம் சுருண்டு உள்ளே மடிந்து, எது உள் எது வெளி என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது ‘தீர்மானமாகச் சொல்ல இயலவில்லை’. ஆபரேஷனே விடைக்காகத்தான், அந்த விடையை டப்பாவில் போடும் நேரத்தில் தொலைத்துவிட்டார்கள். ஆகவே முன்கூட்டியே கேளுங்கள்: கட்டி முழுசாக, நிறைய ஃபார்மலினில், ஊசி ரிப்போர்ட்டின் நகலோடு போகுமா?

இன்னொரு இடைப்பட்ட வகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் அக்காவுக்கு வரக்கூடிய விடைகளில் அதுவும் ஒன்று. சில கட்டிகளில் உறை முழுசாக இருக்கும், எங்கும் உடைத்திருக்காது, உள்ளே ஃபாலிக்கிள் பைகள்தான், ஆனால் நியூக்ளியஸ் மட்டும் பாப்பிலரிச் சாயலில் இருக்கும். முகம் அந்த வீட்டுச் சாயல், நடத்தை சாது. முன்பெல்லாம் இதைப் பாப்பிலரி புற்றின் ஒரு வகை என்றே எழுதி, முழுத் தைராய்டையும் எடுத்து, ரேடியோ அயோடினும் கொடுத்து அனுப்பினோம். இப்படிப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், கட்டியை மட்டும் சுத்தமாக எடுத்தவர்களுக்கு அது திரும்பி வரவில்லை என்று தெரிந்ததால், 2016-ல் பெயரிலிருந்து ‘கார்சினோமா’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். புதுப் பெயரின் சுருக்கம் என்.ஐ.எஃப்.டி.பி. அக்காவின் ரிப்போர்ட்டில் இந்த எழுத்துகள் வந்தால் புற்று என்று யாரும் சொல்லக் கூடாது, மீதித் தைராய்டை எடுக்கத் தேவையில்லை, அயோடினும் தேவையில்லை. ஆனால் இந்தப் பெயரை ஊசியில் கொடுக்க முடியாது, உறை முழுவதையும் பார்த்த பிறகுதான் கொடுக்கலாம். ஓர் இடத்தில் உறை உடைந்திருந்தாலும் இந்தப் பெயர் கிடையாது, சரியான பாப்பிலரிக் கிளைகள் தெரிந்தாலும் கிடையாது. பேத்தாலஜிஸ்ட் நாலு துண்டு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு இதை எழுதினால் நான் நம்ப மாட்டேன். பழைய பழக்கத்தில் இன்னும் ‘ஃபாலிகுலர் வேரியன்ட் பாப்பிலரி கார்சினோமா’ என்றே எழுதிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்தால் ‘உறை உடைந்திருக்கிறதா’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரிப்போர்ட் வர நாளானால் லேபில் சண்டை போட வேண்டாம். சுண்ணாம்பு படிந்த உறையை மென்மையாக்கவே சில நாள் பிடிக்கும், சந்தேகமான இடத்தில் மறுபடி துண்டு போட்டு, திசுவைப் பதித்து வைத்த ஒரே மெழுகுக் கட்டியை ஆழமாகச் சீவிச் சீவிப் பார்க்க வேண்டியிருக்கும். கையில் வந்ததும் மூன்று விஷயம் இருக்கிறதா என்று தேடுங்கள்: உறை முழுவதும் பரிசோதிக்கப்பட்டதா, உறை உடைந்திருக்கிறதா, ரத்தக் குழாயில் நுழைந்திருந்தால் எத்தனை குழாயில். நாலுக்குக் கீழேயா, நாலும் அதற்கு மேலுமா என்பதில் அடுத்த சிகிச்சையே மாறும், ஆகவே ‘ரத்தக் குழாய் ஊடுருவல் உண்டு’ என்று எண்ணிக்கை இல்லாமல் எழுதியிருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கேளுங்கள். இவை இல்லாமல் ‘ஃபாலிகுலர் அடினோமா’ என்று ஒற்றை வரி மட்டும் இருந்தாலும், அந்த மெழுகுக் கட்டிகளை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள்.