பட்டையும் கோபுரமும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் பவானி. அப்பா ஜமக்காள நெசவாளி. நான் கோவையில் டிசைன் படிக்கிறேன். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஜமக்காளத்தில் லேப்டாப் பை செய்து, முன்பக்கம் கோபுரமும் மயிலும் அச்சிட்டேன். பௌஹவுஸ் என்ற ஜெர்மன் டிசைன் பள்ளியைப் பற்றிப் படித்த பிறகும் இந்த அலங்காரம் எதற்கு, எடுத்துவிடு என்கிறார் ஆசிரியர். எடுத்துவிட்டால் நம் மரபு என்று அதில் என்ன மிஞ்சும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோபுரத்தை எடுத்துவிடுங்கள். மரபு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தப் பையில் மரபு இருப்பதே பட்டைகளில்தான்.

ஜமக்காளத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூல் தடிமனாக, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையே மூடிவிடும் அளவுக்கு நெருங்கி உட்காரும். ஊடையின் நிறத்தை மாற்றினால் அகலம் முழுக்க ஒரு பட்டை விழும். யாரும் காகிதத்தில் வரைந்து தர வேண்டியதில்லை. சின்ன வயதில் கல்யாண வீடுகளில் அந்தப் பட்டையைப் பார்த்தே பந்திக்கு வரிசை பிடித்து உட்காருவோம். உட்காருங்கள் என்று சொல்ல ஆள் வேண்டாம், ஜமக்காளமே சொல்லிவிடும். இதைவிட நல்ல டிசைன் எனக்குத் தெரியாது.

1919-ல் வைமாரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் தேடியதும் இதைத்தான். பொருளும் கருவியும் பயனும் சேர்ந்து வடிவத்தை முடிவு செய்யட்டும் என்றார்கள். அங்கே உங்களுக்கு நெருக்கமானவர் ஆனி ஆல்பர்ஸ். 1922-ல் சேர்ந்தார். பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். அவரும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார். பெர்னாவ் என்ற ஊரில் ஒரு பள்ளி அரங்கத்துக்கு அவர் நெய்த சுவர்த்துணி, ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும். மறுபக்கம் செலோஃபேன் இழையால் ஒளியைத் திருப்பியனுப்பும். இவ்வளவு புதுமை செய்தவர் 1965-ல் வந்த தன் நெசவு நூலைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளர்களுக்குச் சமர்ப்பித்தார். அவர்களே தன் பெரிய ஆசான்கள் என்றார். உங்கள் ஆசிரியர் இந்தப் பக்கத்தையும் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

1958-ல் அமெரிக்க டிசைனர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையில் மிகவும் வியந்தது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பிலும் தலையிலும் எப்படி நிற்கும், எப்படிக் கழுவுவது என்று கேள்விமேல் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். அதன்மேல் என்ன பூ வரைந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது அந்த அறிக்கையை ஒட்டித்தான்.

ஆசிரியர் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பௌஹவுஸ் வேண்டாம் என்கிறது, அதனால் எடு என்றால், வெறுமையும் மேலே ஒட்டிய அலங்காரமாகிவிடும். கோபுரம் போக வேண்டியது, அந்தத் துணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால்.

சரி, பைக்கு வருவோம். ஜமக்காளத்தை வெட்டித்தானே தைத்தீர்கள்? வெட்டிய இடத்தில் நூல் பிரியும். அதை மறைக்க ரெக்சின் வைப்பீர்கள், அப்புறம் ரெக்சினை மறைக்க இன்னொன்று. பையின் அகலத்துக்கே நெய்து பாருங்கள், கரை தானாக நிற்கும். மடிப்பு வரும் இடத்தில் ஊடையை எவ்வளவு நெருக்கி அடிப்பது, பட்டை எங்கே விழுந்தால் கைப்பிடிக்கு வாகாக இருக்கும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். லீவில் ஒரு வாரம் தறியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ப்ராஜெக்ட் அறிக்கையில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரோடு அவர் பெயரையும் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்