மர அறுவை ஆலைகள் எதை நம்பி ஆர்டருக்குத் தேதி கொடுக்கின்றன?

கிடங்கில் இல்லாத பலகைக்கும் ஆலை எப்படித் தேதி சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரம் அறுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தடியை அறுத்தால் நடுவில் கனமான சட்டம், ஓரத்தில் மெல்லிய பலகை, கூடவே சிம்பு, மரத்தூள் எல்லாம் சேர்ந்தேதான் வரும். கேட்டதை மட்டும் அறுக்க முடியாது. உள்ளே கணு எங்கே இருக்கிறது என்பதும் அறுத்த பிறகுதான் முழுசாகத் தெரியும்.

கையிருப்பை மட்டும் வைத்து வாக்குக் கொடுத்தால் பிசகாது. ஆனால் நல்ல ஆர்டர்கள் கைநழுவிப் போகும். அதனால் இருப்போடு திட்டமிட்ட அறுவையையும் கூட்டி, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கழித்து, மீதிக்கு வாக்குக் கொடுப்பார்கள். உலர்த்தும் நாளையும் சேர்க்க வேண்டும்: பைன் பலகைக்குச் சூளையில் சில நாள் போதும், கனமான ஓக்குக்கு வாரக்கணக்கில் ஆகும்.

சரி, யாருக்கு முதலில்? முந்தி வந்தவருக்கே என்றால், 100 கட்டுப் பலகையையும் குறைந்த விலை தருபவர் ஒருவரே வாங்கிப் போய்விடலாம். அப்புறம் வரும் ஒப்பந்தக்காரர், அதாவது ஆலையோடு ஒப்பந்தம் போட்டு வாங்கும் வாடிக்கையாளர், வெறுங்கையோடு திரும்புவார். அந்த 100-ல் 60 கட்டுகளை ஒப்பந்தக்காரர்களுக்கென்று ஒதுக்கி, தேதி நெருங்கியும் கேட்காத பங்கை மற்றவர்களுக்கு விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.