தூத்துக்குடி கடல்ல தூண்டில் போடப் போறவங்க காத்தையும் தண்ணி ஓட்டத்தையும் எப்படிப் பார்க்கணும்?

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தூத்துக்குடியில ஒரு ஃபைபர் போட் வாடகைக்கு எடுத்து தூண்டில் போடப் போறோம், ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போதுதான் மீன் கடிக்கும்னு வீடியோல சொல்றாங்களே அது நம்ம ஊருக்கு சரியா வருமா, காத்து எவ்வளவு இருந்தா போகலாம்னு கேட்டிருக்கீங்க. நல்ல கேள்வி, ஏன்னா பாதி பேர் இதைக் கேக்காமலே கிளம்பிடுறாங்க. நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கரையிலதான், சின்ன வயசுல இருந்து வல்லத்துலயும் போட்லயும் தொழிலுக்குப் போற அண்ணன்மாரோட போய்ப் பழகினவன், தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அந்த வீடியோக்களைக் கொஞ்சம் ஓரமா வைங்க. அதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துலயோ ஆஸ்திரேலியாவுலயோ எடுத்தது. இங்கிலாந்துல பிரிஸ்டல் கால்வாய்னு ஒரு இடம் இருக்கு, அங்க அமாவாசை பௌர்ணமிக்கு தண்ணி 12 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும். அவ்வளவு ஏன், நம்ம குஜராத்துல காம்பே வளைகுடாவுலயே 10 மீட்டர் வரைக்கும் போகும். அந்த மாதிரி இடத்துல மணி பார்த்துதான் எல்லாமே, ஒரு மணி நேரம் பிசகினா போட் சேத்துல உக்காந்துடும். நம்ம மன்னார் வளைகுடாவுல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல பெரிய அமாவாசைக்குக் கூட ஒரு மீட்டர் வராது. அதனால "எத்தனை அடி ஏறுது"ன்னு பார்க்கிறது இங்க பெருசா உதவாது. தண்ணி எந்தப் பக்கமா எவ்வளவு வேகமா இழுக்குது, காத்து அதுக்குக் கூட வருதா எதிர்த்து வருதா, இது ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். தனித்தனியா பார்த்தா ஒண்ணுமே புரியாது, நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான்.

காத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம கரை கிழக்கு பார்த்த கரை. வாடைக் காலத்துல, அதாவது ஐப்பசி கார்த்திகைல இருந்து தை வரைக்கும், காத்து வடகிழக்குல இருந்து கடல் மேல வந்து கரையில மோதும். அலை உங்க கண்ணு முன்னாடியே உடையும், நீங்களே பார்த்து பயந்து திரும்பிப் போயிடுவீங்க, அதுல ஏமாத்தம் கிடையாது. கச்சான் காத்து அப்படி இல்ல. ஆனி ஆடி ஆவணில செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேற்குல இருந்து வர்ற காத்து நிலத்தைத் தாண்டி கடலுக்குள்ள இறங்குது. முப்பந்தல்ல அத்தனை காற்றாலை நிக்கிறது இந்தக் காத்துக்குத்தான். கரையில நின்னு பார்த்தா தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும், ஏன்னா அலை எழும்புறதுக்குக் காத்து தண்ணி மேல கொஞ்ச தூரமாவது ஓடணும், கரை ஓரத்துல அந்த தூரம் இல்ல. போட் ஸ்டார்ட் பண்ணினா பின்னாடி இருந்து காத்து தள்ளிவிடும், ஜம்முனு போகும், அஞ்சு நாட்டிகல் மைல் போனப்புறம்தான் அலை தெரிய ஆரம்பிக்கும், அப்ப திரும்பணும்னா காத்து மூஞ்சிக்கு நேரா, ஒவ்வொரு அலையிலயும் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டு தண்ணி உள்ள அடிச்சிட்டே வரும், போனதுக்கு ஆன எரிபொருளைப் போல ரெண்டு மடங்கு கூட ஆகலாம். எஞ்சின் நின்னா உங்களைக் கரைக்குத் தள்ளாது, இலங்கைப் பக்கமா தள்ளும். புதுசா வர்றவங்களுக்கு இந்தக் கடல்ல மிகப் பெரிய ஆபத்து எதுன்னு கேட்டா நான் புயலைச் சொல்ல மாட்டேன், புயலுக்கு எச்சரிக்கை வரும், இந்தக் கரைக்காத்து நாளைத்தான் சொல்வேன்.

வேகம் எவ்வளவுன்னு கேட்டீங்க. 10 நாட் வரைக்கும், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், சின்ன போட்ல பழக்கம் இல்லாதவங்க போகலாம், அங்கங்க வெள்ளை நுரை லேசா தெரியும். 12, 13 தாண்டி கடல் முழுக்க வெள்ளை வெள்ளையா உடைஞ்சா உங்க நண்பர்கள்ல ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டு படுத்துடுவாங்க, தூண்டில் எங்க போடுறது. 15க்கு மேலன்னா தொழில்காரங்களே யோசிச்சுதான் போவாங்க. இன்னொண்ணு, காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது போட்டைத் தள்ளுற விசை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதனால 10க்கும் 15க்கும் சின்ன வித்தியாசம்னு நினைக்காதீங்க. வானிலை மையம் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று, இடையிடையே 65"ன்னு சொன்னா அன்னைக்குப் பேச்சே இல்ல, வீட்ல இருங்க. காத்து நிலவரம் காட்டுற விண்டி ஆப் பார்க்கிறவங்க சராசரி வேகத்தை மட்டும் பார்க்காம, கீழ வீச்சு வேகம்னு (திடீர்னு தூக்கி அடிக்கிற காத்தோட வேகம்) தனியா காட்டும் பாருங்க, அதையும் பாருங்க. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் அலை உயரம் போடுவாங்க, 1.5 மீட்டர்னு போட்டா எல்லா அலையும் 1.5னு அர்த்தம் இல்ல, வர்ற அலைகள்ல பெருசா இருக்கிற மூணுல ஒரு பங்கோட சராசரி அது, நடுவுல ஒண்ணு ரெண்டு கிட்டத்தட்ட மூணு மீட்டர் வரைக்கும் கூட வரும்.

இப்ப தண்ணி. வாடைக் காலத்துல பாக் நீரிணைப் பக்கம் இருந்து பாம்பன் வழியா மன்னார் வளைகுடாவுக்குள்ள இழுக்கும், கச்சான் காலத்துல அப்படியே திரும்பி தெக்க இருந்து வடக்க போகும். பாம்பன் பாலத்து மேல நின்னு கீழ பார்த்தவங்களுக்குத் தெரியும், ஆறு மாதிரி ஓடும். ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவங்க இதை வச்சே பொழப்பை மாத்துவாங்க, கச்சான்ல தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கொந்தளிக்கும்போது வடகடல்ல (பாக் நீரிணைப் பக்கம்) வலை போடுவாங்க, வாடைல வடகடல் கலங்கி சேறா கிடக்கும்போது தென்கடலுக்கு வருவாங்க. தூத்துக்குடில நமக்கு அந்த வசதி கிடையாது, ஒரே கடல்தான். இந்த பருவகால ஓட்டத்து மேலதான் தினசரி ஏத்தவத்தம் வந்து உக்காருது, ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஓதம் பருவ ஓட்டத்தோட சேர்ந்தா தண்ணி விறுவிறுன்னு இழுக்கும், எதிர்த்தா மெதுவாகும், சில நேரம் சுத்தமா நின்னுடும்.

காத்தும் தண்ணியும் எதிரெதிரா வந்தா என்ன ஆகும்னா அலை குட்டையா, செங்குத்தா, நெருக்கமா எழும்பும். அதே 12 நாட் காத்துதான், காலைல ஒழுங்கா இருந்த கடல், தண்ணி திரும்பின அரை மணி நேரத்துல ஆளை உக்கார விடாது. காத்து கூடலையேன்னு குழம்புவீங்க. ரெண்டும் ஒரே பக்கம் போனா கடல் படிஞ்சு கிடக்கும், ஆனா போட் வேகமா நகர்ந்துடும், ஈயம் தரைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாரை, அதாவது மீன் நிக்கிற கடலடித் திட்டை, தாண்டிடுவீங்க.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேணாம். இடத்துக்குப் போனதும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு தங்கூசில (தூண்டில் நரம்புல) ஈயம் கட்டி தரை வரைக்கும் விடுங்க. நரம்பு நேரா கீழ நின்னா போட்டும் தண்ணியும் ஒண்ணாப் போகுதுன்னு அர்த்தம். காத்து வர்ற பக்கமா சாய்ஞ்சு போச்சுன்னா காத்து போட்டை மட்டும் தனியாத் தள்ளுது, அதனால எப்பவும் காத்து வர்ற பக்கத்துல உக்காந்து போடுங்க, இல்லாட்டி நரம்பு போட்டுக்கு அடியில போய் புரொபல்லர்ல மாட்டும். நடுவுல வில்லு மாதிரி வளைஞ்சா மேல்தண்ணி ஒரு பக்கம் அடித்தண்ணி ஒரு பக்கம் ஓடுது, அந்த நேரம் எவ்வளவு கனமான ஈயம் போட்டாலும் கடி சரியாத் தெரியாது, காத்திருக்கிறது நல்லது. ரொம்ப வேகமா நகர்ந்தா முன்பக்கத்துல ரெண்டு வாளியைக் கயித்துல கட்டி தண்ணிக்குள்ள விடுங்க, பாதி வேகம் குறையும்.

மீன் எங்க நிக்கும்ங்கிறதும் இதுலதான் இருக்கு. விளமீன், கலவா, பாறை மீன் எல்லாம் பாரை ஒட்டி, தண்ணி வர்ற திசையைப் பார்த்து நிக்கும், ஓட்டத்துல இரை தானா வாய்க்கு வரணும்னு. அதனால பாருக்கு நேர் மேல போட்டை நிறுத்தாதீங்க, தண்ணி வர்ற பக்கமா தள்ளி மணல்ல நங்கூரம் போட்டுட்டு இரை பாரைப் பார்த்துப் போற மாதிரி விடுங்க. பார் மேல நங்கூரம் விழுந்தா பவளம் உடையும், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, அது உடைஞ்சா அந்த மீன்களுக்கு இருக்க இடமே இல்ல. அப்புறம் தீவுகளைச் சுத்தி தேசியப் பூங்கா எல்லை, 21 தீவுக்கும் 1986ல இருந்தே பாதுகாப்பு, அங்க தூண்டிலே கூடாது. 15 மீட்டர் ஆழத்துக்கு அமைதியான நாள்ல குறைஞ்சது 45 மீட்டர் நங்கூரக் கயிறு விடணும், காத்து ஏறினா இன்னும் 30 மீட்டர் சேர்த்து விடுங்க. நங்கூரக் கயித்தை என்ன ஆனாலும் போட்டோட பின்பக்கம் கட்டாதீங்க, எஞ்சின் கனம் அங்கதான் இருக்கு, ஓட்டமும் அலையும் சேர்ந்து வந்தா தண்ணி நேரா உள்ள ஏறிடும்.

தண்ணி சுத்தமா நிக்கிற நேரம் கடி குறையும். நின்னு மறுபடி நகர ஆரம்பிக்கிற முதல் ஒண்ணரை மணி நேரம்தான் நான் பார்த்த வரைக்கும் பொன்னான நேரம், ஏத்தமா வத்தமாங்கிறது அடுத்த விஷயம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, முக்கியமா அதுக்கு அடுத்த ரெண்டு நாள், இழுப்பு ஜாஸ்தி. சீலா (வஞ்சிரம்தான்), ஊளி மாதிரி ஓடி வேட்டையாடுற மீனுக்கு, போட்டை ஓட்டிக்கிட்டே இரையை இழுக்கிறவங்களுக்கு அது நல்லா இருக்கும். அடில போடுற தூண்டிலுக்கு, அதுவும் புதுசா பழகுறவங்களுக்கு, அஷ்டமி நவமி பக்கம்தான் சரி. லேசான ஈயம் போதும், கடி கையில தெரியும்.

காத்தே இல்லாம கடல் பொங்குற நாளும் உண்டு, கள்ளக்கடல்னு சொல்வாங்க. எங்கயோ தென்கோடிப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து சேருது. 2024 மே மாசம் குமரி மாவட்டத்துல கணபதிபுரம் கடற்கரைல அஞ்சு மருத்துவ மாணவர்கள் இறந்தது இந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாள்லதான், நினைச்சா இன்னும் மனசு ஆறல. குமரிக் கடற்கரைலதான் இதோட தாக்கம் அதிகம், ஆனாலும் இன்காய்ஸ் எச்சரிக்கை போட்டிருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டுக் கிளம்புங்க.

எந்த மாசம்னா, மாசி பங்குனி, அதாவது பிப்ரவரி பாதில இருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும். வாடை அடங்கி இருக்கும், கச்சான் ஆரம்பிச்சிருக்காது. (ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகுக்கு இல்ல.) விடியுறதுக்கு முன்னாடி லேசா கரைக்காத்து இருக்கும், அதுல போயிடலாம், பதினோரு மணி பன்னிரண்டு மணிக்கு கடல்காத்து ஏற ஆரம்பிச்சதும் அதை முதுகுல வாங்கிட்டுத் திரும்பிடலாம், அந்தக் காலத்துல பாய் கட்டிப் போனவங்க எல்லாரும் பண்ணினது இதேதான். எரிபொருள்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கை வைக்காம. லைஃப் ஜாக்கெட்டை உக்கார்றதுக்கு மெத்தையாப் போடாம மாட்டிக்கோங்க.

முந்தின நாள் சாயங்காலம் போட்காரருக்குப் போன் போட்டு "அண்ணே நாளைக்கு மீன் கிடைக்குமா"ன்னு கேக்காதீங்க, "இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுத்துச்சு, காத்து எப்ப ஏறுச்சு"ன்னு கேளுங்க, அன்னைக்குக் கடலுக்குப் போய்ட்டு வந்தவருக்கு எந்த ஆப்பையும் விட அது நல்லாத் தெரியும். அவர் நாளைக்கு வேணாம்னு சொன்னா, லீவு போட்டுட்டோம் சென்னைல இருந்து வந்துட்டோம்னு வற்புறுத்தாம தேதியை மாத்திக்கோங்க, குடுத்த அட்வான்ஸ் அவர்கிட்டயே இருக்கட்டும்.