காமாக்கதிர் வெடிப்பும் ஸ்விஃப்ட் தொலைநோக்கியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காமாக்கதிர் என்பது எக்ஸ்-கதிரைவிடவும் ஆற்றல் மிக்க கதிர். அது தொலைதூர விண்ணிலிருந்து திடீரெனப் பீறிட்டு மறைவதே காமாக்கதிர் வெடிப்பு. அத்தகைய வெடிப்புகளைத் தேடும் ஸ்விஃப்ட் விண்தொலைநோக்கியைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பேசிய பிறகு வந்து சேர்ந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கினபாலு மலை உச்சியில் தொலைநோக்கியை வைத்தால் போதாதா? விண்ணுக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

போதாது. கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். அதற்கு மேலும் இருக்கும் காற்று மண்டலம் இந்தக் காமாக்கதிர்களைத் தரைக்கு வர விடாமல் உறிஞ்சிவிடுகிறது. நாம் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் குறைப்பட்டுக்கொள்ள வழியில்லை. 2004 நவம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது.

காமாக்கதிரைச் சாதாரணக் கண்ணாடியால் குவிக்க முடியாது என்றீர்கள். பிறகு எப்படி அது வரும் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள்?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஸ்விஃப்டில் உள்ள வெடிப்பு எச்சரிக்கைக் கருவி கதிரைக் குவிப்பதில்லை. அதன் நிழலைப் படிக்கிறது. கருவியின் மேல்தட்டில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள சதுர ஈயத் துண்டுகள் ஏறத்தாழ 52,000, ஒழுங்கின்றி இடைவெளி விட்டு ஒட்டப்பட்டுள்ளன. அதற்கு ஒரு மீட்டர் கீழே 32,768 சிறு உணரிகள் வரிசையாக உள்ளன. காலையில் செம்பனை மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள்: சூரியன் ஏற ஏற, ஓலைகளுக்கிடையே விழும் வெளிச்சப் புள்ளிகள் இடம் மாறுகின்றன, அண்ணாந்து பார்க்காமலேயே அந்தப் புள்ளிகளை வைத்துச் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஈயத் துண்டுகளின் நிழல் உணரிகளின் மீது எவ்வளவு விலகி விழுந்தது என்பதைக் கணித்து, கருவியிலுள்ள கணினி கதிர் வந்த திசையைச் சொல்வதும் இதே கணக்குதான். துண்டுகளை ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஒரு திசையின் நிழல் இன்னொரு திசையின் நிழலைப் போலவே இருந்து குழப்பியிருக்கும். அதனால்தான் அந்த ஒழுங்கின்மை திட்டமிட்டே செய்யப்பட்டது.

திசை தெரிந்த பிறகு ஸ்விஃப்டைத் திருப்புவது யார்?

யாரும் இல்லை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்த பிறகு ஆளாளுக்குப் போய் எழுப்ப வேண்டியதில்லை அல்லவா? ஸ்விஃப்ட் தானாகவே ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் திரும்பி, எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியையும், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள புறஊதா–ஒளித் தொலைநோக்கியையும் அந்த இடத்தை நோக்கி நிறுத்துகிறது. அதற்குள் தரையிலுள்ள வானாய்வகங்களுக்கும் செய்தி போய்விடுகிறது. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெடிப்பு பெரும்பாலும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சும் பின்னொளியும் மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகும். 1967-இல் அணுச்சோதனைகளைக் கண்காணிக்க அனுப்பிய அமெரிக்க வேலா செயற்கைக்கோள்களில் முதல் வெடிப்பு பதிவானது. ஆனால் ஒரு வெடிப்பின் பின்னொளியை முதன்முதலில் பிடிக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்விஃப்ட் என்பது விரைந்து பறந்து திரும்பும் உழவாரன் குருவியின் ஆங்கிலப் பெயர். நம் ஊர்க் கடைவீட்டு மாடிகளில் கூட்டுக்காக ஒலிநாடா போட்டு வரவழைக்கிறார்களே, அந்தக் கூட்டுக்குருவியின் உறவுப் பறவைதான். பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. 2018 முதல், திட்டத்தை வழிநடத்தி மறைந்த நீல் கெரல்ஸின் பெயரும் அதனோடு சேர்ந்திருக்கிறது.

2022-இல் வந்த மிகப் பெரிய வெடிப்பு நமக்குத் தீங்கு செய்ததா?

இல்லை. அக்டோபர் 9-ஆம் நாள், மலேசிய நேரம் இரவு 9.16-க்கு அது ஃபெர்மி என்ற இன்னொரு காமாக்கதிர் விண்தொலைநோக்கியில் பதிவானது. அப்போது அந்தத் திசை நம் மேற்கு வானில் நன்கு உயரத்திலேயே இருந்தது, நமக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்விஃப்டின் பார்வையில் அந்த இடம் அப்போது இல்லை, இரவு 10.10-க்குத்தான் அது கண்டது. கண்ட பிறகும், நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு பொருள் என்றே முதலில் கருதப்பட்டது. உண்மையில் அது 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்தது. பூமியின் மேல்வளிமண்டலத்திலுள்ள அயனிப் படலத்தை அது சற்று அசைத்ததைக் கருவிகள் பதிவு செய்தன.

இத்தகைய வெடிப்பு எல்லாமே ஒரே வகையா?

இல்லை. இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பவை பெரும்பாலும் பேரளவு விண்மீன் சரிந்து கருந்துளையாகும்போது எழுகின்றன. அதைவிடக் குறுகியவை பெரும்பாலும் இரு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள், மோதி எழுபவை. 2017 ஆகஸ்ட் 17-இல் ஈர்ப்பலையும் (வெளியையே அதிரச் செய்து பரவும் அலை) குறுகிய வெடிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகி, அந்த மோதலை உறுதி செய்தன.

வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

ஒருமுறை முடிந்திருக்கும். 2008 மார்ச் 19-இல், ஏறத்தாழ 750 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த வெடிப்பின் ஒளி, இருண்ட வானம் உள்ள இடத்தில் அரை நிமிட அளவுக்குக் கண்ணுக்கே தெரியக்கூடிய பிரகாசத்தை எட்டியது. நமக்கு அப்போது பிற்பகல் இரண்டேகால் மணி.